எரியாத விளக்குக்கு இரண்டு அர்த்தம்

ஜூலை 8, திங்கள்

கோயம்புத்தூரில் விடிய ஏறிய பஸ். கீழ்ச்சோலை எஸ்டேட்டில் இறங்கும்போது மழையில் செருப்பு முதல் பை வரை நனைந்துவிட்டது. "ரெண்டு நாள் வேலை, தமயந்தி. பாத்துட்டு வந்துருங்க" என்று மேனேஜர் முரளீதரன் சார் அனுப்பிவைத்தார். அதை நம்பி இரண்டே ஜோடித் துணி எடுத்து வந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனி இந்த எஸ்டேட் சாலை நெடுகக் கம்பங்கள் நட்டு, சிவப்பு விளக்கு வைத்திருக்கிறது. யானை பக்கத்தில் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. யானைக் கூட்டத்தைப் பின்தொடரும் மாதேவன் அண்ணன் காட்டிலிருந்து போனில் ஒரு செய்தி அனுப்புவார். அது எங்கள் சர்வருக்குப் போகும். இங்கே பழைய டிஸ்பென்சரி கட்டடத்தில் இருக்கும் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி, அதை இன்டர்நெட் வழியாக வாங்கி, கம்பங்களுக்கு ரேடியோவில் சொல்லும். விளக்கு எரியும். அவ்வளவுதான் சங்கதி.

போன செவ்வாய் சாயங்காலம் எரியவில்லை. பம்ப் ஹவுஸ் வளைவில் சிவஞானம் என்பவரை, ஒத்தைக்கொம்பன் என்று இங்கே சொல்லும் ஒற்றைத் தந்த யானை தூக்கிப் போட்டுவிட்டது. தேயிலை ஃபேக்டரி வாட்ச்மேன், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து கூடலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பச்சை. செய்தியை வாங்கும் சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறது. மாதேவன் அண்ணனிடம் ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னேன். எல்லா விளக்கும் எரிந்தன.

"எரியுதே மேடம்" என்றார்.

"எரியுதுண்ணா."



என் கணவர் நந்தகோபால் கூப்பிட்டார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அம்மாவுடன் வெகுநேரம் பேசினேன்.

ஜூலை 9, செவ்வாய்

டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். சாப்பாடு பக்கத்து லயத்திலிருந்து வருகிறது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒரே கூரையின் கீழ் இருப்பதைத்தான் இங்கே லயம் என்கிறார்கள். காலையில் தூக்குச்சட்டியில் தோசை கொண்டுவந்த அக்கா பெயர் யோகராணி. கொழுந்து பறிக்கிறவர். சட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"லைட்டு கம்பெனியில இருந்து வந்திருக்கிறது நீங்கதானா?"

"ஆமாங்க்கா."

"அன்னைக்கு ஏன் எரியல?"

"அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

"நெசமாவே எரியலதானே?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகுதான், கட்டடத்தைக் கூட்ட வந்த பெண் சொன்னாள், அவர் சிவஞானத்தின் மனைவி என்று. தோசை இறங்காது என்று நினைத்தேன். ஆனாலும் மூன்றையும் சாப்பிட்டேன். ஊரில் ஒன்றே இறங்காது.

பெட்டி தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாக்கைத் தோண்டினேன். அன்று மதியத்திலிருந்து இங்கே கரண்ட் இல்லை. சாயங்காலம் வந்திருக்கிறது, பெட்டி தானாக எழுந்திருக்கிறது, சர்வீஸும் தொடங்கியிருக்கிறது. ஒரே ஒரு வரி: சர்வரின் பெயர் தெரியவில்லை என்று. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சாகவும் இல்லை. ஓடுகிறேன், ஓடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது. மறுநாள் ஆபீஸிலிருந்து யாரோ ரீஸ்டார்ட் செய்தபோதுதான் உயிர் வந்திருக்கிறது.

அப்படியென்றால், பெட்டி எழும்போது தப்பு நடக்கிறது. சரி, நானும் எழுப்பிப் பார்க்கிறேன் என்று ரீஸ்டார்ட் செய்தேன். ஒழுங்காக எழுந்தது. சோதனைச் செய்தி, விளக்கு எரிந்தது. மறுபடி செய்தேன், எரிந்தது. பொழுது சாயும்வரை இதே வேலை. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

முரளீதரன் சார் போனில் சொன்னார்: "அன்னைக்கு எரியலன்னு நாமளா யார்கிட்டயும் எதும் சொல்லிக்க வேண்டாங்க. மொதல்ல என்னன்னு தெரியட்டும்."

ஜூலை 10, புதன்

இன்றும் ரீஸ்டார்ட். இன்றும் எரிகிறது. எனக்குத்தான் ஏதோ எரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

இப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. காலையில் கரண்ட் போயிற்று. எங்கேயோ லைன் மேல் மரம் விழுந்ததாம். மதியம் திரும்ப வந்ததும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். பச்சை. சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னேன். விளக்கு எரியவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். வாசலில் யோகராணி அக்கா நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

"எரிஞ்சிருச்சா?"

"இல்லக்கா, எரியல!"

எதற்கு இந்தப் பெண் எரியாததற்குக் கைதட்டுகிறாள் என்று பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. அவர் கோபப்படவில்லை. இன்னும் சொன்னால், முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது மாதிரி இருந்தது. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

தப்பு என்னுடையதுதான். இத்தனை நாளும் பெட்டியை மட்டும் ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தேன். இன்டர்நெட் கொடுக்கும் ரூட்டர் பக்கத்திலேயே நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி எழுந்து கேட்ட உடனே வழி தயாராக இருந்தது. நிஜமாகக் கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து அணைகின்றன. திரும்ப வரும்போது பெட்டி சட்டென்று எழுந்துவிடுகிறது, ரூட்டர் சோம்பல் முறித்து எழ நேரம் ஆகிறது. நம் சர்வீஸ் அதற்குள் தொடங்கி, சர்வரை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல், அப்படியே இருந்துவிடுகிறது. இரண்டாம் தடவை கூப்பிடவே கூப்பிடாது.

லினக்ஸில் பலரும் விழும் பள்ளம் இது. "நெட்வொர்க்கிற்குப் பிறகு தொடங்கு" என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் நெட்வொர்க் தயாரான பிறகு என்று நினைத்திருப்பார். லினக்ஸுக்கு அது, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம் எழுந்த பிறகு, என்பது மட்டும்தான். தயாராகும்வரை காத்திரு என்பதற்கு வேறு வரி எழுத வேண்டும். எழுதினேன்.

நந்தகோபாலின் மிஸ்டு கால் நான்கு. நாளைக்குப் பேச வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பெட்டி எழுந்தது, ரூட்டருக்காகக் காத்திருந்தது, பிறகு சர்வீஸ் தொடங்கியது. விளக்கு எரிந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன், எரிந்தது.

"முடிஞ்சுதுல்லங்க? கெளம்புங்க, கெளம்புங்க" என்றார் முரளீதரன் சார்.

நிஜமான கரண்ட் கட் ஒன்றாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அதுதான் முறை.

நந்தகோபாலிடம் பேசினேன். அவருக்குக் கிடைத்திருக்கும் மஸ்கட் வேலைக்குத் திங்கட்கிழமை கோயம்புத்தூரில் இரண்டு பேருக்கும் மெடிக்கல். அதற்குள் நான் வந்துவிட வேண்டும், வந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"இன்னும் சரியாகலைங்க" என்றேன்.

"ரெண்டு நாளுன்னு தானே போன?"

"ஆமா. ஆனா சரியாகலையே."

அது பொய் இல்லை. நிஜமான கரண்ட் கட் இன்னும் வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

யோகராணி அக்காவோடு கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்தான் வரட்டுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன்.

சிவஞானம் அண்ணன் ஒல்லியான மனிதர். அக்கா என்னை யார் என்று சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தார். வேண்டாம் என்று கையமர்த்தினோம்.

"பஸ்ஸ்டாப்பு கம்பத்துகிட்ட நின்னேன் மேடம். லைட்ட பாத்தேன். எரியல. அதான் போனேன்" என்றார். நான் எதுவும் கேட்காமலே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்: "பாத்துட்டுதான் போனேன்."

"முன்னெல்லாம் இவரு வளைவுல கால் மணி நேரம் நின்னு, காது குடுத்துக் கேட்டு, வாசம் புடிச்சிட்டுதான் போவாரு" என்றார் அக்கா. "லைட்டு வந்தப்புறம் லைட்ட மட்டும் பாத்தாரு."

எனக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. குற்றம் சொல்கிறாரா, வெறுமனே சொல்கிறாரா?

"லைட்டு இப்ப சரியாயிருச்சா மேடம்?" என்று அண்ணன் கேட்டார்.

சரியாகிவிட்டது என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் எழுந்துவிடக் கூடாதே என்று மடியில் அடித்த போனை எடுக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பகல் முழுக்க மழை. நான்கு மணி வாக்கில் கரண்ட் போய், ஐந்துக்குள் வந்துவிட்டது. இதற்காகத்தானே காத்திருந்தேன் என்று பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். பெட்டி எழுந்தது. ரூட்டருக்காகக் காத்திருந்தது. நெட்வொர்க் தயார் என்றது. சர்வீஸ் தொடங்கியது. பச்சை.

மாதேவன் அண்ணனைக் கூப்பிட போனை எடுத்தால், என் போனில் சிக்னலே இல்லை. ரூட்டரைப் பார்த்தேன். அதிலும் வெளி உலகத்துக்கான விளக்கு அணைந்திருந்தது. நமக்குக் கரண்ட் வந்துவிட்டது. செல்போன் டவருக்கு வரவில்லை.

லாக்கில் அதே வரி. சர்வரின் பெயர் தெரியவில்லை.

நான் காத்திருக்கச் சொன்னது நெட்வொர்க்குக்காக. ரூட்டர் பெட்டிக்கு ஒரு முகவரி கொடுத்துவிட்டது. பெட்டியைப் பொறுத்தவரை அதுவே நெட்வொர்க். ரூட்டருக்கு அப்பால் ஒரு உலகம் இருக்கிறதா என்று அது பார்க்கவே இல்லை. பார்க்கும்படி நான் சொல்லவும் இல்லை.

ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை, டவரே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பத்தில் விளக்கு எரியவில்லை. எதிரே மூடுபனி. இலை எடை போடும் ஷெட்டிலிருந்து பெண்கள் கிளம்பும் நேரம். அவர்களுக்கு நேற்றே அக்கா சொல்லியிருப்பார், லைட்டு சரியாயிருச்சாம் என்று. நான் சொன்னதைத்தானே சொல்லியிருப்பார்.

யானை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். குடையை எடுத்தேன், பாதி வழியில் அது காற்றில் திரும்பிக்கொண்டது, எறிந்துவிட்டு ஓடினேன்.

பம்ப் ஹவுஸ் வளைவுக்கு முந்தின கம்பத்தின் கீழ் பெண்கள் தலையில் பிளாஸ்டிக் விரிப்போடு நின்றிருந்தார்கள். ஒருவர் அண்ணாந்து பார்த்து, "எரியல, வாங்கடி போலாம்" என்று கால் எடுத்து வைத்துவிட்டார்.

"போகாதீங்க! லைட்ட நம்பாதீங்க!"

கத்தியது நான்தான், ஆனால் என் குரல் மாதிரி இல்லை.

"என்னா தங்கச்சி? யானையா?" யோகராணி அக்கா.

"தெரியலக்கா."

"அப்ப லைட்டு எரியலையே?"

"அதுக்கும் தெரியலக்கா. அதுக்குத் தெரியலன்னு நமக்குத் தெரியாது."

நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. அக்காவுக்கு என்ன விளங்கியதோ, கையை நீட்டி மற்றவர்களை மறித்தார். நின்றோம். மழை விரிப்புகளில் அடிக்கும் சத்தம் மட்டும். ஒரு பெண் அலுத்துக்கொண்டாள், பிள்ளை பசியோடு இருக்கும் என்று. நான் பேச வாயெடுத்தபோது, வளைவுக்குக் கீழே மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. அவசரமே இல்லாத சத்தம். பனிக்குள் ஏதோ சாம்பல் நிறத்தில் சாலையைக் கடந்த மாதிரி இருந்தது. கடந்ததா, பனிதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வாசம் எல்லோருக்கும் வந்தது.

மாதேவன் அண்ணன் ஏழு மணிக்கு வந்தார். மேட்டிலிருந்து நான்கரைக்கே செய்தி அனுப்பிவிட்டாராம், ஒத்தைக்கொம்பன் பம்ப் ஹவுஸுக்குக் கீழே என்று. அங்கே வேறு டவர். செய்தி சர்வருக்குப் போய், வாங்க ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறது.

இன்று திங்கட்கிழமை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஜூலை 16, செவ்வாய்

தூங்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் தெளிவாகிவிட்டது. சர்வீஸ் நெட்வொர்க்குக்கு முந்திக்கொண்டு தொடங்குவதை நான் எவ்வளவு அழகாகச் சரி செய்தாலும், டவர் விழுந்தால் விழுந்ததுதான். புரோகிராம் விடாமல் சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி மாற்றிவிட்டேன். அது ஒரு மணி நேர வேலை. ஆனால் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் அந்த நேரத்தில் விளக்கு என்ன செய்யும்? எரியாமல் இருக்கும். எரியாத விளக்கைப் பார்த்து, யானை இல்லை என்று போய்விடுவார்கள். யானை இல்லை என்பதற்கும், எனக்குத் தெரியவில்லை என்பதற்கும் நாங்கள் ஒரே இருட்டைக் கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவதாக ஒன்று வேண்டும். சர்வரோடு பேச்சு இருக்கும்வரை பெட்டி கம்பங்களுக்கு "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொல் நின்றால், கம்பம் தானாகவே விட்டுவிட்டு எரிய வேண்டும். பெட்டியே செத்தாலும் அது நடக்கும், கம்பங்களுக்கு சோலார் பேட்டரி இருக்கிறது.

முரளீதரன் சாருக்கு போன் போட்டேன். முழுக்கக் கேட்டார்.

"ஐடியா சரிங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. எங்க சிஸ்டம் வேலை செய்யலன்னு நாமளே ஊருக்கு நடுவுல லைட்டு போட்டுக் காட்டறதா? இன்னும் மூணு எஸ்டேட்காரங்க பாக்க வர்றாங்க."

"வேலை செய்யாதப்ப வேலை செய்யலன்னு தெரியணும் சார்."

"அதுக்கு மக்கள்கிட்ட அன்னைக்கு எரியலன்னும் சொல்லணும். இல்லீங்களா?"

"சொல்லணும் சார்."

"நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. உங்க பொறுப்பு" என்று வைத்துவிட்டார். இதை அனுமதி என்று எடுத்துக்கொள்வதா?

சாயங்காலம் யோகராணி அக்கா வந்தார். நான் அவரை முந்திக்கொண்டேன்.

"அக்கா, அன்னைக்கு ஏன் எரியலன்னு கேட்டீங்கல்ல? கரண்ட் வந்ததும் எங்க பெட்டி இன்டர்நெட் வர்றதுக்கு முன்னாடியே எழுந்திருச்சிருச்சு. மாதேவன் அண்ணன் அனுப்பினது அதுக்கு வந்தே சேரல. எரியல. தப்பு எங்க பக்கம்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எரியலதானே?"

"எரியல."

"இவரு குடிச்சிட்டு, எரிஞ்ச லைட்டையும் பாக்காம போய் மாட்டிக்கிட்டாருன்னு லயம் பூரா பேச்சு. நீங்க வந்த அன்னைக்கு எல்லா லைட்டையும் எரிய விட்டீங்க. பாத்தியா, லைட்டு நல்லாத்தான் இருக்குன்னு என் காதுபடவே சொன்னாங்க. அந்த மனுசன் விட்டு ஏழு வருசமாச்சு தங்கச்சி. ஏழு வருசம்."

முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முதல் நாளிலிருந்து கேட்டது வேறு கேள்வி. நான் எனக்குப் பயமான கேள்விக்கே பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 17, புதன்

கம்பம் கம்பமாக ஏறி உள்ளே இருக்கும் புரோகிராமை மாற்றுகிறோம். மாதேவன் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். கால் முழுக்க அட்டை. அக்கா சுண்ணாம்பு தடவிவிட்டார். மூன்று கம்பம் முடிந்தது.

ஜூலை 18, வியாழன்

மிச்சமும் முடிந்தது. கீழே பார்க்காமல் ஏறக் கற்றுக்கொண்டேன்.

நந்தகோபால் மெடிக்கலுக்கு வேறு தேதி வாங்கியிருக்கிறார். குறுஞ்செய்தி மட்டும். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 19, வெள்ளி

காலையில் பெரட்டுக் களத்தில் பேசினேன். வேலைக்குப் போகும் முன் எல்லோரும் கூடிப் பெயர் கொடுக்கும் இடம் அது. கணக்குப்பிள்ளை ஐந்து நிமிடம் கொடுத்தார். இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை.

"இனிமே மூணு விதமா இருக்கும். நின்னு எரிஞ்சா யானை இருக்கு. எரியலன்னா இல்ல. விட்டு விட்டு எரிஞ்சா, எங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம்."

ஒருவர் சிரித்தார். "இம்மாம் பெரிய லைட்ட வச்சிட்டு, தெரியலன்னு சொல்றதுக்கா?"

"ஆமாங்க."

"தெரியலன்னா நாங்க என்னா பண்றது?"

யோகராணி அக்கா கூடையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "முன்ன என்னா பண்ணோம்? நின்னு, கேட்டு, ஒண்ணா சேந்து போனோம்ல? அத பண்றது" என்றார்.

கூட்டம் கலையப் பார்த்தது. சார் முகம் கண் முன்னால் வந்தது. இன்னும் ஒன்று என்றேன்.

"ரெண்டாம் தேதி சாயங்காலம் லைட்டு எரியல. எங்க மெஷின்ல கோளாறு. சிவஞானம் அண்ணன் கம்பத்துகிட்ட நின்னு, பாத்துட்டுதான் போனார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

சிலர் தரையைப் பார்த்தார்கள். யோகராணி அக்கா யாரையும் பார்க்கவில்லை, தலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் மலைப் பாதையில் நடந்தார்.

சாருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். "ம்" என்றார். வேலை இருக்கிறதா, போய்விட்டதா? கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மாலை டவர் போயிற்று. விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தவர்கள் கம்பத்தின் கீழ் நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன். ஒருவர் பீடி பற்ற வைத்தார், ஒரு குழந்தை அழுதது. கூடலூர் பஸ் வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்காமல் போகும் சத்தம் கேட்டது. அதைப் பிடிக்க வேண்டியவர் என்னை முறைத்தார். யானை வரவில்லை. ஒரு சுள்ளிகூட முறியவில்லை. டவர் திரும்பியதும் கண் சிமிட்டல் நின்று இருட்டானது. இந்த இருட்டை நம்பலாம். எல்லோரும் நடந்தார்கள்.

"சும்மாவே நிக்க வச்சிட்டீங்களே மேடம்" என்றார் பஸ்ஸை விட்டவர்.

மன்னிப்புக் கேட்டேன். மனதுக்குள் ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது?

ஜூலை 22, திங்கள்

காலையில் முரளீதரன் சார் பேசினார். பார்க்க வந்த எஸ்டேட்காரர்களில் ஒருவர், கண் சிமிட்டுவதையும் சேர்த்துத்தான் வேண்டும் என்றாராம். இன்னொருவர் வேண்டாம் என்று போய்விட்டாராம். "வேற எடத்துலயும் மாத்தணும். ஆள் வேணும். நீங்க மஸ்கட் போறதா உங்க வீட்டுக்காரர் சொன்னாருங்களே?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மதியம் நானாகவே நந்தகோபாலைக் கூப்பிட்டேன். கல்யாணமான பிறகு நான் முதலில் கூப்பிட்டது எத்தனை தடவை இருக்கும்?

"சொல்லு. லைட்டு சரியாயிருச்சா?"

"வியாழக்கிழமையே சரியாயிருச்சுங்க."



"அப்ப ஏன் வரல?"

"எனக்கு மஸ்கட் வர இஷ்டமா இல்லையான்னே தெரியலைங்க. உங்ககூட இருக்கறதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா அங்க வந்து என்ன பண்ணுவேன்னு தெரியல. வர்றேன்னு சொல்லவும் தெரியல, வரலன்னு சொல்லவும் தெரியல. அதான் எதுவுமே சொல்லாம இருந்தேன்."

"நீ எதுவுமே சொல்லலன்னா நான் சரின்னுதானே எடுத்துக்குவேன்?" குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. "வீட்டு ஓனர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லிட்டேன் தமயந்தி. அந்த பீரோவ விக்கறதுக்கு ஆள்கூடப் பாத்துட்டேன்."

"தெரியுங்க. தப்புதான்."

போன் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நான் அங்க வந்தா பேசலாமா?" என்றார்.

"வாங்க" என்றேன். யோசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். "காலைல மொத பஸ்ஸுல ஏறிடுங்க. சாயங்காலம் ஆனா மழை கடுமையா இருக்கு."

"எத்தன நாளைக்குத் துணி எடுத்துட்டு வரட்டும்?"

வாய் திறந்தேன். வாசலுக்கு வெளியே யோகராணி அக்கா என் துவைத்த துணிகளை மழைக்கு முன் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"தெரியலைங்க" என்றேன்.

இந்த முறை நந்தகோபால் சிரித்துவிட்டார்.